ஒரு சேற்றுப் பள்ளத்தின் கதை: ‘ஸ்லவ் ஆஃப் டெஸ்பாண்ட்’ எங்கிருந்து வந்தது?

ஆங்கிலப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தையும் வணிகப் பக்கத்தையும் வாசிக்கிறவர்கள் ‘ஸ்லவ் ஆஃப் டெஸ்பாண்ட்’ என்ற தொடரை எங்காவது பார்த்திருப்பார்கள். வரிசையாகத் தோற்றுக்கொண்டிருக்கும் அணி அதில் கிடக்கும். விற்பனை படுத்துப்போன கம்பெனி அதில் கிடக்கும். தேர்தலில் மண்ணைக் கவ்விய கட்சியும் அதிலேதான் கிடக்கும். அகராதியைப் புரட்டினால், ‘ஆழ்ந்த மனச்சோர்வு, நம்பிக்கை இழந்த நிலை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

அர்த்தம் சரிதான். ஆனால் இந்தத் தொடர் பிறந்தபோது அது மனநிலைக்கு வைத்த பெயர் இல்லை, ஓர் இடத்தின் பெயர். ஒரு கதைக்குள் ஒரு சமவெளியின் நடுவே இருக்கிற சேற்றுப் பள்ளம் அது. அதற்கு இரண்டு கரைகள் உண்டு. நடுவில் காலை வைத்துப் போகக் கற்கள் உண்டு. அதைச் சீர்செய்ய அரசனே ஆள் வைத்திருக்கிறான். யார் அதில் விழுவார்கள், யார் விழமாட்டார்கள் என்பதற்கும் கதையில் ஒரு கணக்கு இருக்கிறது. அகராதியின் ஒற்றை வரியில் இது எதுவும் தங்கவில்லை. இந்தத் தொடரில் எனக்குப் பிடித்தவை எல்லாம் அப்படி உதிர்ந்துபோன விவரங்கள்தான்.

முதலில் உச்சரிப்பை முடித்துவிடுவோம். சேற்றுப் பள்ளத்தைக் குறிக்கும் அந்த முதல் சொல்லை இங்கிலாந்தில் ‘ஸ்லவ்’ என்பார்கள். பசுவுக்கான ‘கவ்’ மாதிரி. அமெரிக்காவில் ‘ஸ்லூ’ என்றும் சொல்வதுண்டு. இதே எழுத்துகளை ‘ஸ்லஃப்’ என்று வாசித்தால் பாம்பு உரித்த சட்டை என்று பொருளாகிவிடும், ஜாக்கிரதை. லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்றே ஓர் ஊர் இருக்கிறது. எழுத்தும் அதே, உச்சரிப்பும் அதே. அந்த ஊரைக் கேலிசெய்ய நினைக்கிறவர்களுக்கு இந்தத் தொடர் தயாராகக் கையில் இருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம்.

ஜான் பன்யன் எழுதிய ‘பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்’ 1678-ல் லண்டனில் வெளிவந்தது. கதை முழுவதும் ஒருவன் காணும் கனவு. ‘அழிவு நகரம்’ என்ற ஊரில் கிறிஸ்டியன் என்று ஒரு குடும்பஸ்தன். கையில் ஒரு புத்தகம், முதுகில் ஒரு பெரிய மூட்டை. தன் ஊர் நெருப்பில் அழியப்போகிறது என்று அந்தப் புத்தகத்தில் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டு அலைகிறான். மூட்டை என்பது அவன் செய்த பாவங்களின் பாரம். இறக்கி வைக்க அவனால் முடியவில்லை. நற்செய்தி சொல்லும் ஒருவர் வந்து, தூரத்தில் ஒரு சின்ன வாசலைக் காட்டி அங்கே போ என்கிறார். மனைவியும் பிள்ளைகளும் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான்.

பன்யன் தன் பாத்திரங்களுக்குக் குணத்தையே பெயராக வைப்பார். கிறிஸ்டியனைத் திருப்பிக் கூட்டிவர இரண்டு பேர் பின்னாலேயே ஓடிவருகிறார்கள். ஒருவன் பிடிவாதன். இன்னொருவனை இளகியவன் என்று வைத்துக்கொள்ளலாம், யார் என்ன சொன்னாலும் அந்தப் பக்கம் சாய்கிற ஆள். பிடிவாதன் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பைத்தியம் என்று திரும்பிப் போய்விடுகிறான். இளகியவனுக்கோ ஆசை வந்துவிடுகிறது. போகிற தேசத்தில் என்னவெல்லாம் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே கூட நடக்கிறான். கிரீடம் கிடைக்கும், சாவே கிடையாது, அழுகையே கிடையாது என்று கிறிஸ்டியன் சொல்லச் சொல்ல, ‘வா, இன்னும் வேகமாய்ப் போவோம்’ என்கிறான். இந்த மூட்டையோடு என்னால் அவ்வளவு வேகமாக வர முடியாது என்கிறான் கிறிஸ்டியன்.

பேச்சு முடிகிற நேரத்தில் இருவரும் கவனிக்காமல் அந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள். உடம்பெல்லாம் சேறு. மூட்டை இருப்பதால் கிறிஸ்டியன் அமிழ ஆரம்பிக்கிறான். இளகியவனுக்குக் கோபம் வந்துவிடுகிறது. இவ்வளவு நேரம் நீ சொன்ன சந்தோஷம் இதுதானா, புறப்பட்டதுமே இந்தக் கதி என்றால் போய்ச் சேருவதற்குள் இன்னும் என்னென்ன காத்திருக்கிறதோ, அந்த அருமையான தேசத்தை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, இரண்டு மூன்று உந்தலில் வெளியே ஏறிவிடுகிறான். எந்தக் கரையில்? தன் வீட்டுப் பக்கம் இருந்த கரையில்.

கிறிஸ்டியன் தனியாகக் கிடந்து உழல்கிறான். ஆனாலும் அவன் நகரப் பார்ப்பது வீட்டுக்கு எதிர்ப்பக்கக் கரைக்கு, வாசல் இருக்கிற திசைக்கு. கரை ஏறத்தான் மூட்டை விடவில்லை.

இந்த ஒரு பத்தியில் பன்யன் எவ்வளவு கெட்டிக்காரராக இருக்கிறார் பாருங்கள். இளகியவனிடம் மூட்டை இல்லை. தன் வாழ்க்கையைப் பற்றி அவனுக்குப் பெரிய கவலை ஒன்றும் கிடையாது, பரிசு கிடைக்கும் என்று கேட்டுக் கிளம்பி வந்தவன். ஆகவே அவன் சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறான். கவலையோடு வந்தவன்தான் ஆழமாகப் போகிறான். விழுந்த இடம் ஒன்று, விழுந்த நேரம் ஒன்று, ஏறிய கரை மட்டும் வேறு.

பிடிவாதனை மறந்துவிட வேண்டாம். அவன் மேல் ஒரு துளி சேறு படவில்லை. அழிவு நகரத்தைவிட்டு நகராமல் இருப்பவர்கள் யாருக்கும் இந்தப் பள்ளம் கிடையாது. கிளம்பினவர்களுக்கு மட்டும்தான். ‘ஸ்லவ் ஆஃப் டெஸ்பாண்ட்’ என்று இன்று எழுதும்போது, எல்லாம் முடிந்துபோய் ஒருவர் கடைசியில் வந்து விழுகிற இடம் போன்ற தொனி வந்துவிடுகிறது. பன்யனின் கதையில் அது பயணத்தின் ஆரம்பத்திலேயே வருகிறது. கிறிஸ்டியன் இன்னும் முதல் வாசலைக்கூடத் தட்டவில்லை.

அப்புறம் ‘உதவி’ என்ற பெயருள்ள ஒருவர் கரையில் வந்து நிற்கிறார். இங்கே என்ன செய்கிறாய் என்று விசாரிக்கிறார். படிக்கற்கள் இருக்கிறதே, பார்த்து வந்திருக்கக் கூடாதா என்றும் கேட்கிறார். பயம் துரத்திக்கொண்டு வந்தது, பக்கத்து வழியில் ஓடி விழுந்துவிட்டேன் என்கிறான் கிறிஸ்டியன். கையைக் கொடு என்று இழுத்துக் கெட்டியான தரையில் நிறுத்தி, போகச் சொல்லிவிடுகிறார் அவர்.

இழுத்துவிடும் இடத்தில் பன்யன் நினைத்திருப்பது பைபிளின் 40-ஆம் சங்கீதத்தை. தமிழ் பைபிளில் அந்த வரி இப்படி இருக்கிறது: ‘பயங்கரமான குழியிலும் உளையான சேற்றிலுமிருந்து என்னைத் தூக்கியெடுத்து, என் கால்களைக் கன்மலையின்மேல் நிறுத்தி, என் அடிகளை உறுதிப்படுத்தி’. 69-ஆம் சங்கீதத்தில், ஆழமான உளையில் அமிழ்ந்து நிற்க நிலையில்லாமல் தவிக்கிற ஒருவரின் புலம்பல் வருகிறது. சேறும் மனக்கலக்கமும் பைபிளிலேயே ஜோடி சேர்ந்தவை. பன்யன் செய்தது, அந்தச் சேற்றுக்கு ஒரு பெயர் வைத்து, பயணிகள் போகிற வழியில் கொண்டுவந்து போட்டது.

பள்ளத்தை ஏன் மூடவில்லை?

கனவு காண்கிறவனுக்கு நமக்குத் தோன்றுகிற சந்தேகமே தோன்றுகிறது. அழிவு நகரத்திலிருந்து வாசலுக்குப் போகிற வழி இதுதான் என்றால், இதைச் சரிசெய்து வைக்கக் கூடாதா? உதவியின் பதில் விசித்திரமானது. இந்தப் பள்ளத்தைச் சரிசெய்யவே முடியாது என்கிறார். தான் தவறானவன் என்று ஒருவனுக்கு உறைக்கும்போது பயம், சந்தேகம், மனம் தளரவைக்கும் எண்ணங்கள் எல்லாம் கிளம்புகின்றன அல்லவா, அந்தக் கசடெல்லாம் ஓடி வந்து தேங்குகிற தாழ்வான இடம் இதுதானாம். அரசனுக்கும் (கதையில் கடவுள்தான் அரசன்) இது இப்படிக் கிடப்பதில் விருப்பமில்லை. 1600 ஆண்டுகளுக்கு மேலாக அவனுடைய சர்வேயர்கள் சொல்லச் சொல்ல வேலையாட்கள் இதை நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். குறைந்தது 20,000 வண்டிச் சுமை, இல்லை, லட்சக்கணக்கான நல்ல போதனைகள் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து இதற்குள் போயிருக்கின்றன. பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது.

1600 ஆண்டு என்பது கிறிஸ்தவத்தின் வயது என்று கண்டுபிடிப்பது சுலபம். வண்டிச் சுமையும் சர்வேயரும் எங்கிருந்து வந்தார்கள்? அவர்கள் பன்யன் காலத்து இங்கிலாந்தில் ஒவ்வொரு ஊரிலும் இருந்தவர்கள். 1555-ல் வந்த சட்டப்படி, ஒவ்வொரு பாரிஷும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதியும், தன் எல்லைக்குள் இருக்கும் சாலையைத் தானே பராமரிக்க வேண்டும். ஊரார் வருஷத்துக்கு நான்கு நாள் கூலி இல்லாமல் வேலைசெய்ய வேண்டும். 1563-ல் அதை ஆறு நாளாக்கினார்கள். நிலபுலன் உள்ளவர்கள் வண்டியும் ஆளும் அனுப்ப வேண்டும். இதை மேற்பார்க்க ஊராரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான் சர்வேயர். அவருக்கும் சம்பளம் கிடையாது. வேலை எந்த லட்சணத்தில் நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்லையும் மண்ணையும் குழியில் கொட்டிவிட்டுப் போவார்கள், அடுத்த மழைக்காலத்தில் எல்லாம் உள்ளே போய்விடும். பன்யன் வாழ்ந்த பெட்ஃபோர்டு பக்கம் வேறு நல்ல களிமண் பூமி. பின்னாளில் பெரிய செங்கல் தொழிற்சாலைகள் அங்கே வந்ததற்கும் அந்தக் களிமண்தான் காரணம். மழை பெய்தால் அந்தச் சாலைகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாலைகளில் நடந்து பிழைத்தவர் பன்யன். 1628-ல் பெட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பாவைப் போலவே அவருக்கும் ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுக்கும் தொழில். அவர் பெயரும் 1647 என்ற ஆண்டும் பொறித்த ஒரு பட்டடைக் கல் பெட்ஃபோர்டில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகில் மூட்டையோடு சேற்றில் இறங்குவது என்றால் என்ன என்பதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

படிக்கற்களை விட்டுவிட்டேன். பள்ளத்தின் நடுவிலேயே நல்ல உறுதியான கற்கள் போடப்பட்டிருக்கின்றன என்கிறார் உதவி. ஆனால் பருவம் மாறும்போது பள்ளம் தன் அழுக்கைக் கக்குமாம், அப்போது அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் தலை சுற்றி ஆட்கள் பக்கத்தில் காலை வைத்து விழுந்துவிடுகிறார்கள். கற்கள் என்பவை கடவுள் பைபிளில் தந்திருக்கும் வாக்குறுதிகள் என்று பன்யனே பக்கத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். மத நம்பிக்கை இல்லாத வாசகர்களுக்கு அந்தக் குறிப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. இருக்கிற வழி கண்ணுக்குத் தெரியாமல் போவது என்ற விவரம் மட்டும் யாரையும் தொடும்.

இளகியவன் என்ன ஆனான்? வீடு போய்ச் சேர்ந்தான். அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். திரும்பி வந்தாயே, புத்திசாலி என்றார்கள் சிலர். முதலில் போனதே முட்டாள்தனம் என்றார்கள் சிலர். இவ்வளவு தூரம் துணிந்தவன் ஒரு சின்னக் கஷ்டத்துக்குப் பயந்து ஓடிவந்தானே என்று கேலிசெய்தார்கள் சிலர். கொஞ்ச நாள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அப்புறம் தெம்பு வந்ததும் எல்லோரும் பேச்சை மாற்றி, கிறிஸ்டியனைக் கேலிசெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பன்யன் ஒரு ஊரை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார் என்பதற்கு இந்த நாலு வரி போதும்.

பன்யனின் சொந்தச் சேறு

‘பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்’ வருவதற்கு 12 ஆண்டுகள் முன்னால், 1666-ல், பன்யன் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ‘கிரேஸ் அபவுண்டிங்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வெளிச் சம்பவங்கள் அதில் குறைவு. மனசுக்குள் நடந்ததுதான் முக்கால்வாசி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்யன் ஊர்த்திடலில் விளையாடிக்கொண்டிருக்கிறார். ‘கேட்’ என்று அவர் குறிப்பிடும் அந்த விளையாட்டு நம் கிட்டிப்புள்தான். சின்னக் கட்டையைப் பெரிய கட்டையால் எகிறவைத்து அடிப்பது. ஒரு அடி அடித்துவிட்டு இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கும்போது, பாவங்களை விட்டுவிட்டு மோட்சம் போகிறாயா, பாவங்களோடு நரகம் போகிறாயா என்று வானத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, எப்படியும் நரகம்தான், பாவத்தைச் செய்தாவது வைப்போம் என்று ஆட்டத்தைத் தொடர்கிறார். இதை அவரே எழுதியிருக்கிறார்.

இன்னொரு சமயம் கோயில் மணி அடிப்பதை வேடிக்கை பார்க்கப் போய், மணி அறுந்து தலையில் விழுந்தால் என்ன செய்வது என்று பயப்படுகிறார். உத்திரத்துக்குக் கீழே நிற்கிறார். சுவரில் பட்டுத் தெறித்து வந்தால்? வாசற்படிக்கு நகர்கிறார். கோபுரமே சாய்ந்தால்? ஓட்டம் பிடிக்கிறார். பிறகு ஒரு வருஷம்போல, ‘கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு’ என்ற எண்ணம் சாப்பிடும்போதும் விறகு வெட்டும்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்ததாம். மாட்டேன், ஆயிரம் உலகம் கொடுத்தாலும் மாட்டேன் என்று வாய்விட்டுப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், ஒருநாள் காலையில் ‘போனால் போகட்டும்’ என்று மனசுக்குள் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வந்த இருட்டு நீண்டது. ஒரு வேளைக் கூழுக்குத் தன் மூத்த மகன் உரிமையை விற்ற பைபிள் ஏசா தான்தான் என்று நம்பினார். இன்றைய மனநல மருத்துவர் யாராவது இதைப் படித்தால் உடனே ஒரு பெயர் சொல்லிவிடுவார். எனக்கு அந்த வேலை வேண்டாம்.

அந்த நூலில் தன் நிலைமையைச் சொல்லும்போது பன்யன் ஓரிடத்தில் பயன்படுத்தும் உவமை, கொஞ்சம் அசைந்தாலும் ஆட்டம் காண்கிற சேற்றுநிலத்தில் நிற்பது போல இருந்தேன் என்பது. ஆக, சேறு கதைக்குள் வருவதற்கு முன்பே அவருடைய சொந்தக் கதையில் இருந்திருக்கிறது. பின்னாளில் அதற்கு ஒரு பெயரும் இரண்டு கரைகளும் கிடைத்தன, அவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுதியபோது அவர் இருந்த இடம் சிறை. அரசாங்கத் திருச்சபையின் அனுமதி இல்லாமல் கூட்டம் கூட்டிப் பிரசங்கம் செய்தார் என்று 1660 நவம்பரில் கைதுசெய்தார்கள். இனிமேல் பிரசங்கம் செய்யமாட்டேன் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சொல்லவில்லை. 1672 வரை 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில். வெளியே இரண்டாவது மனைவி எலிசபெத்தும், முதல் மனைவியின் நான்கு குழந்தைகளும். அதில் மூத்தவள் மேரிக்குக் கண் தெரியாது. சிறையில் உட்கார்ந்து காலணி நாடாக்கள் செய்து விற்று வீட்டுக்கு அனுப்பினார். ‘பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்’ ஒரு குகையில் படுத்துத் தூங்குகிறவனின் கனவாகத்தான் ஆரம்பிக்கிறது. குகை என்றால் சிறை என்று ஓரக்குறிப்பு போட்டுவிட்டார் பன்யன்.

இன்னொரு இடத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

இதே கதையில் நம்பிக்கையிழப்புக்கு இன்னோர் இடமும் உண்டு. ஆங்கிலம் எழுதுகிறவர்களே சிலசமயம் இரண்டையும் கலந்துவிடுவார்கள். பயணத்தின் பிற்பகுதியில், குறுக்குவழி என்று நினைத்து ஒரு வேலியைத் தாண்டிப் போகும் கிறிஸ்டியனும் அவன் தோழனும் ‘சந்தேகக் கோட்டை’யில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அங்கே இருக்கும் ராட்சசன் பெயரே அவநம்பிக்கை. இருட்டறையில் அடைத்துத் தடியால் அடிக்கிறான். கத்தியோ கயிறோ விஷமோ எடுத்து உங்கள் கதையை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்று உபதேசம் வேறு. புதன் காலையிலிருந்து சனி இரவு வரை கிடக்கிறார்கள். கடைசியில் தன் மார்பிலேயே ‘வாக்குறுதி’ என்ற சாவி இருந்தது கிறிஸ்டியனுக்கு நினைவு வருகிறது.

பள்ளத்துக்கும் கோட்டைக்கும் வித்தியாசம் பெரிது. பள்ளத்தில் அடைத்துவைக்கிற ஆள் யாரும் கிடையாது. அது வழியிலேயே இருக்கிறது, தவறிழைக்காதவனும் விழலாம். கோட்டைக்கு வழி தவறினால்தான் போக முடியும். பள்ளத்திலிருந்து வேறொருவர் கைகொடுத்துத் தூக்குகிறார். கோட்டையிலிருந்து அவர்களே கதவைத் திறந்துகொண்டு வருகிறார்கள். ஒரே சோர்வுக்கு இரண்டு பெயர் என்று எடுத்துக்கொண்டால் பன்யனின் நுட்பம் போய்விடும்.

இடம் எப்போது மனநிலை ஆனது?

முதல் பாகம் சக்கைப்போடு போட்டதால் 1684-ல் பன்யன் இரண்டாம் பாகம் எழுதினார். கிறிஸ்டியனின் மனைவி கிறிஸ்டியானாவும் நான்கு மகன்களும் மெர்சி என்ற இளம்பெண்ணும் அதே வழியில் கிளம்புகிறார்கள். பள்ளம் முன்பைவிட மோசமாக இருக்கிறது. காரணம், அரசனின் வேலையாட்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிற சிலர் கல்லுக்குப் பதிலாக மண்ணையும் சாணத்தையும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். தனக்குப் பிடிக்காத பிரசங்கிகளைப் பன்யன் ஒரு கை பார்த்துக்கொண்ட இடம் இது. மெர்சி, தைரியமாகப் போவோம், கவனமாக மட்டும் இருப்போம் என்கிறாள். கற்களைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, தள்ளாடித் தள்ளாடிக் கடந்துவிடுகிறார்கள். கிறிஸ்டியனுக்குத் தெரியாத கல் அவன் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கிறது. முன்னால் ஒருவர் விழுந்த செய்தி தெரிந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் நம் விஷயத்துக்கு முக்கியமான ஆள் பின்னால் வருகிறார். பெயர் திருவாளர் அச்சம். அவரை வழிநடத்திக் கூட்டிப்போன பெருநெஞ்சர் அவர் கதையைச் சொல்கிறார். மனுஷன் இந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு மாதத்துக்கு மேல் அலறிக்கொண்டு கிடந்தாராம். கண்ணெதிரே மற்றவர்கள் கடந்து போகிறார்கள், பலர் கை கொடுக்கிறேன் என்கிறார்கள், இவர் இறங்கமாட்டேன் என்கிறார். திரும்பிப் போகவும் மாட்டேன் என்கிறார். அப்புறம் ஒருநாள் வெயிலடித்த காலையில், எப்படி என்று எனக்கே தெரியவில்லை, இறங்கிக் கடந்துவிட்டார் என்கிறார் பெருநெஞ்சர். கடந்த பிறகும் கடந்ததை அவரால் நம்ப முடியவில்லையாம். அதைத் தொடர்ந்து பெருநெஞ்சர் சொல்வது: அவர் மனசுக்குள்ளேயே ஒரு ஸ்லவ் ஆஃப் டெஸ்பாண்ட் இருந்தது என்று நினைக்கிறேன், போன இடமெல்லாம் அதைச் சுமந்துகொண்டு போனார், இல்லாவிட்டால் அப்படி இருந்திருக்க முடியாது.

இந்தத் தொடரை வரைபடத்திலிருந்து எடுத்து மனசுக்குள் வைத்தவர் யார் என்று கேட்டால் இதுதான் பதில். பின்னால் வந்த பத்திரிகைக்காரர்கள் அல்ல, பன்யனே ஆறு வருஷத்தில் செய்துவிட்டார். அதோடு திருவாளர் அச்சத்தைப் பன்யன் கேலிசெய்யவே இல்லை. சிங்கத்தைக் கண்டும் கஷ்டத்தைக் கண்டும் அவர் பயப்படவில்லை, தான் ஏற்றுக்கொள்ளப்படுவோமா என்பது மட்டும்தான் பயம் என்று பரிந்து பேசுகிறார். எல்லோரும் கடைசியில் கடக்க வேண்டிய மரண நதியில், அவர் இறங்கிய அன்று மட்டும் தண்ணீர் என்றும் இல்லாத அளவு குறைந்திருந்தது என்று எழுதுகிறார். செருப்பு நனைந்ததற்கு மேல் அதிகமில்லை. கிட்டிப்புள் திடலில் குரல் கேட்டு நின்றவர் எழுதிய வரி இது என்று தெரிந்தபின் இன்னும் நன்றாக இருக்கிறது.

பன்யன் 1688-ல் லண்டனில் காலமானார். புத்தகம் நின்றுவிடவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டு நூற்றாண்டுக்கு, பைபிளுக்கு அடுத்தபடி வீட்டில் இருக்கிற புத்தகம் அதுவாகத்தான் பல குடும்பங்களில் இருந்தது. வீண் பகட்டுச் சந்தை என்று பொருள்படும் ‘வேனிட்டி ஃபேர்’ என்ற தொடரும் இதே புத்தகத்திலிருந்து கிளம்பியதுதான். குழந்தைகள் கதையை விளையாட்டாகவே நடித்தார்கள். 1868-ல் வந்த லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ நாவலில் அப்படி விளையாடி வளர்ந்த நான்கு சகோதரிகள்தான் வருகிறார்கள். ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் சோர்ந்து உட்கார்ந்திருந்த தங்களை, புத்தகத்தில் உதவி வந்து இழுத்த மாதிரி அம்மா வந்து இழுத்துவிட்டாள் என்கிறாள் ஜோ. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை; வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் பள்ளம் தெரியும் என்ற தைரியத்தில் எழுதிய வரி.

அதற்கும் முன்னால், 1843-ல், அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதார்ன் ஒரு குறும்பு செய்தார். ‘தி செலஸ்டியல் ரெயில்ரோடு’ என்ற அவருடைய கதையில் அழிவு நகரத்திலிருந்து மோட்சத்துக்கு ரயில் விட்டுவிடுகிறார்கள். மூட்டையை யாரும் சுமக்க வேண்டாம், சாமான் பெட்டியில் போட்டுவிடலாம். பள்ளத்தின் மேல் பாலம். பாலத்துக்கு அஸ்திவாரம் எப்படிப் போட்டார்கள்? நீதிநூல்கள், பிரெஞ்சுத் தத்துவம், ஜெர்மன் பகுத்தறிவு வாதம், நவீனப் பாதிரியார்களின் பிரசங்கங்கள், பிளேட்டோ, கன்ஃபூசியஸ், இந்து ஞானிகளின் மேற்கோள்கள் எல்லாவற்றையும் கொட்டி, ஏதோ விஞ்ஞான முறையில் கருங்கல் மாதிரி இறுக்கியிருக்கிறார்களாம். வண்டி ஏறினால் பாலம் அதிர்கிறது. 20,000 வண்டிச் சுமை என்று பன்யன் போட்ட கணக்கை இதைவிட நன்றாக யாரும் நீட்டியதில்லை என்று நினைக்கிறேன்.

தமிழுக்கும் இந்தக் கதை எப்போதோ வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் வாழ்ந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இதைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தை 1894-ல் வெளியிட்டார். கம்பனில் ஊறிய வைணவக் குடும்பத்திலிருந்து வந்தவர். ஓட்டைப் பாத்திரம் அடைக்கிறவரின் எளிய உரைநடை, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களாக மாறியது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இன்று இந்தத் தொடரை ஆங்கிலத்தில் எழுத நினைக்கிறவர்களுக்குச் சில யோசனைகள். ‘டெஸ்பாண்ட்’ என்பதை ஒருவகைச் சோர்வின் பெயராக இன்று தனியே யாரும் எழுதுவதில்லை, இந்தத் தொடருக்குள் மட்டும்தான் அது உயிரோடு இருக்கிறது; ஆகவே அதை மட்டும் பிய்த்து எடுக்க வேண்டாம். இடப்பெயர் என்பதால் பலர் இன்னும் பெரிய எழுத்தில் தொடங்குகிறார்கள், சிறிய எழுத்திலும் தவறில்லை. விழுவது, கிடப்பது, உழல்வது, இழுத்து எடுப்பது போன்ற வினைகள் இதோடு இயல்பாகச் சேரும், சேறாயிற்றே. கொஞ்சம் புத்தக வாசனை உள்ள தொடர், அரைக் கிண்டலாகத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. உண்மையான மனச்சோர்வு நோயில் இருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்ல இது பொருந்தாது.

மூலத்தைப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு வசதியான விஷயம், பள்ளம் வருவது முதல் சில பக்கங்களிலேயே. பழைய ஆங்கிலம்தான், ஆனால் வாக்கியங்கள் சின்னவை. அதை முடித்ததும் நேராக இரண்டாம் பாகத்துக்குத் தாவி, பெருநெஞ்சரும் ஹானஸ்ட் என்ற கிழவரும் திருவாளர் அச்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு நடக்கிற பகுதியைப் படியுங்கள். நடுவில் இருப்பதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.